மீன்கொத்தியின் நீலமும் பேயரின் கட்டங்களும்

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் தான் எடுத்த வெண்தொண்டை மீன்கொத்தியின் படத்தை அனுப்பி, கல்லூரி மாணவரான வாசகர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். படத்தைப் பார்த்த அவருடைய சித்தப்பா, "இவ்வளவு நீலம் பறவைக்கு ஏது? கம்ப்யூட்டரில் ஏற்றிய கலர்தானே?" என்று சொல்லிவிட்டாராம். "நான் எடிட் செய்தது உண்மைதான். அப்படியானால் கேமராவில் வந்தபடியே இருக்கும் படம்தான் உண்மையான படமா?" என்பது அவர் கேள்வி. பறவைப் படம் எடுப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வியை எதிர்கொள்கிறார்கள். இதற்கு விடை சொல்ல வேண்டுமானால், கேமராவுக்குள் வந்து விழுவது உண்மையில் என்ன என்பதைப் பார்த்தாக வேண்டும்.

முதலில் அந்த நீலத்தைப் பற்றி. மீன்கொத்தியின் முதுகில் நீல நிறமி கிடையாது. இறகின் இழைகளுக்குள் கெரட்டின் என்ற புரதம் நுண்ணிய காற்றறைகளோடு கடற்பஞ்சைப் போல அமைந்திருக்கிறது. அந்த அறைகளின் இடைவெளி நீல ஒளியின் அலைநீளத்துக்குப் பொருந்துவதால் நீலம் மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்பப்படுகிறது. ஆகவே சித்தப்பா ஐயப்பட்ட நீலம் பறவையினுடையதுதான்.

அந்த ஒளி லென்ஸ் வழியாகச் சென்று, ஒளியை உணரும் சிலிக்கான் சில்லான சென்சாரில் விழுகிறது. ஃபோட்டான்கள் சிலிக்கானிலிருந்து எலெக்ட்ரான்களை விடுவிப்பதும், சென்சாரின் நுண்ணிய கட்டமான ஒவ்வொரு பிக்சலிலும் சேரும் எலெக்ட்ரான்களின் அளவு எண்ணாக மாற்றப்படுவதும் பள்ளிப் பாடத்தில் படித்தவைதான். நாம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: எலெக்ட்ரானுக்கு நிறம் கிடையாது. நீல ஒளி விடுவித்த எலெக்ட்ரானையும் சிவப்பு ஒளி விடுவித்த எலெக்ட்ரானையும் பிரித்தறிய வழியில்லை. எனவே சென்சாருக்குத் தெரிவது வெளிச்சம் மட்டுமே.

நிறத்தை அதற்குக் கற்றுக்கொடுத்தவர் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர். 1976-இல் அவர் பெற்ற காப்புரிமையின் கருத்து மிக எளியது. ஒவ்வொரு பிக்சலின் மீதும் ஒரு வண்ணக் கண்ணாடியைப் போல ஒரு வடிகட்டியை வைக்க வேண்டும். ஒரு வரிசையில் பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. அடுத்த வரிசையில் நீலம், பச்சை, நீலம், பச்சை. நான்கு கட்டங்களில் இரண்டு பச்சைக்குப் போனதற்குக் காரணம் நம் கண்தான்: வெளிச்ச வேறுபாடுகளையும் நுண்விவரங்களையும் நாம் பெரும்பாலும் பச்சையை ஒட்டிய அலைநீளங்களைக் கொண்டே உணர்கிறோம். இன்று கைப்பேசியிலும் பெரும்பாலான கேமராக்களிலும் இருப்பது இதே அமைப்போ, இதிலிருந்து பிறந்த அமைப்போதான்.

இதன் விளைவை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை. 240 லட்சம் பிக்சல் கொண்ட கேமராவில் 120 லட்சம் பிக்சல்கள் பச்சையை மட்டும் அளக்கின்றன. 60 லட்சம் சிவப்பை மட்டும். 60 லட்சம் நீலத்தை மட்டும். ஆனால் முடிந்த படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிறங்களின் அளவும் தேவை. அதாவது, தேவையான எண்களில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே அளக்கப்பட்டது; மீதி இரண்டு பங்கும் கணக்கிட்டு நிரப்பப்பட்டவை. எவரும் எதையும் எடிட் செய்யாத படத்திலும் இதுதான் நிலை.

அந்த நிரப்பல் எப்படி நடக்கிறது? ஒரு தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு செய்திதான் தெரியும் என்று வைத்துக்கொள்வோம்; ஒரு வீட்டுக்கு அரிசி விலை, அடுத்த வீட்டுக்குப் பருப்பு விலை. அரிசி விலை தெரியாத வீடு அக்கம்பக்கத்தில் கேட்டுச் சராசரி எடுத்துக்கொள்ளலாம். வானம், தண்ணீர் போன்ற சீரான பரப்புகளில் இந்த முறையே போதும். பறவையின் அலகு நீரின் பின்னணியைத் தொடும் விளிம்பில்தான் சிக்கல் வருகிறது. அங்கே உள்ள ஒரு சிவப்புப் பிக்சலுக்குப் பச்சையின் அளவு வேண்டும். மேலே உள்ள பச்சை 62, கீழே 58, இடப்பக்கம் 60, வலப்பக்கம் 200. நான்கையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 95 வரும், அது அலகிலும் இல்லாத, நீரிலும் இல்லாத அளவு, விளிம்பு மங்கிப்போகும். இந்தக் கணக்கைச் செய்யும் தேர்ந்த கணினி நிரல் அவ்வாறு செய்வதில்லை. மேலும் கீழும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன, இடமும் வலமும் பெரிதும் வேறுபடுகின்றன. ஆகவே விளிம்பு செங்குத்தாக ஓடுகிறது என்று அது முடிவு செய்கிறது. பிறகு விளிம்பைக் கடந்து செல்லாமல், விளிம்போடு ஓடும் திசையில் மட்டும் சராசரி எடுத்து 60 என்று நிரப்புகிறது.

இதைவிட அழகானது அடுத்த படி. பச்சையை இப்படி எல்லா இடங்களிலும் நிரப்பிய பின்னர், சிவப்பையும் நீலத்தையும் நிரல் நேரடியாக ஊகிப்பதில்லை. சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள வேறுபாட்டை ஊகிக்கிறது. மீன்கொத்தியின் முதுகில் ஒரு இறகு வெளிச்சத்திலும் அடுத்த இறகு நிழலிலும் இருந்தால், மூன்று நிறங்களும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்கும். அவற்றுக்கிடையேயான வேறுபாடோ மெதுவாகத்தான் மாறும். மெதுவாக மாறுவதை ஊகிப்பது எளிது. இயற்கையின் பரப்புகள் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்ற அறிவை ஒரு சிறு கழித்தலுக்குள் அடக்கிவிட்ட இந்த யோசனையை, நான் மிகச் சிறந்த அறிவியல் சிந்தனைகளுள் ஒன்றாகவே மதிக்கிறேன்.

இந்த ஊகம் தவறும் இடமும் பறவைகளிடமே இருக்கிறது. இறகின் நுண்ணிழைகள் பிக்சல்களின் இடைவெளியை நெருங்கும் அளவுக்கு நெருக்கமாகப் படத்தில் விழும்போது, எது விளிம்பு எது நிறம் என்று நிரல் குழம்பிவிடுகிறது. அப்போது சாம்பல் நிற இறகில் இல்லாத சிவப்பு, பச்சைப் பட்டைகள் நெளிநெளியாகத் தோன்றும். எடிட்டிங்கில் அந்தப் பட்டைகளை நீக்குபவர் பறவைக்கு நிறம் சேர்ப்பதில்லை. கணக்கு தவறிய இடத்தைத் திருத்துகிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒளியைப் பதிவு செய்யும் சிலிக்கான் சில்லுகளில் முன்னோடியான சிசிடி, 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் கணினி நினைவகத்துக்கான வழி ஒன்றைத் தேடியபோது பிறந்தது. அதற்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. "இந்த ஆய்வால் என்ன பயன்?" என்று தொடக்கத்திலேயே கேட்டு அடிப்படை ஆய்வுகளுக்கான நிதியைக் குறைப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அடுத்தது இரைச்சல், அதாவது படத்தில் மணல் தூவியதுபோலத் தெரியும் புள்ளிகள். தூறல் விழும்போது வாசலில் ஒரே அளவான நூறு கிண்ணங்களை வைத்தால் எல்லாவற்றிலும் சமமாகத் துளிகள் விழுவதில்லை. பெருமழையில் அந்த வேறுபாடு தெரியாது. ஃபோட்டான்களும் அப்படியே. சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் பதிவாகும் இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100, அதாவது ஒரு விழுக்காடு. 100 ஃபோட்டான்கள் மட்டும் பதிவாகும் நிழலில் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்து விழுக்காடு. அதிகாலையில் பறக்கும் நாரையை 1/2000 நொடியில் உறையவைக்கும்போது, 1/250 நொடியில் கிடைப்பதில் எட்டில் ஒரு பங்கு ஒளிதான் கிடைக்கிறது. பதிவான ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓவைக் கூட்டியதால் படம் கெட்டது என்று பலர் சொல்வது சரியல்ல; ஒளி குறைந்ததால் கெட்டது, ஐஎஸ்ஓ அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். மறுபுறம், கிண்ணம் நிரம்பிய பின் விழும் மழை வழிந்தோடிவிடும். உச்சி வெயிலில் நான் எடுத்த கொக்குப் படங்கள் பலவற்றில் முதுகின் இறகுகள் வெறும் வெள்ளைத் திட்டாகிப் போனதற்கு இதுவே காரணம். அவற்றை எந்த மென்பொருளாலும் மீட்க முடியவில்லை. அன்று முதல் வெண்ணிறப் பறவைகளைச் சற்று இருட்டாகவே எடுத்து, பின்னர் வெளிச்சம் கூட்டுகிறேன். சென்சார் அளந்த எண்களை அப்படியே சேமிக்கும் ரா கோப்பில் 14 பிட் பதிவானால் வெளிச்சத்தில் 16,384 படிகள் உண்டு. கேமரா முடித்துச் சுருக்கித் தரும் வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். நிழலில் ஒளிந்திருக்கும் இறகை வெளிக்கொணர முடிவது இந்த வேறுபாட்டால்தான்.

இனி வாசகரின் கேள்விக்கு வருகிறேன். கேமராவே தரும் ஜேபெக், எடிட் செய்யாத படமன்று. நிறத்தை நிரப்பி, வெண்மையைச் சரிசெய்து, இரைச்சலைக் குறைத்து, விளிம்புகளைக் கூர்மையாக்கி, தயாரிப்பாளரின் விருப்பப்படி முடித்துத் தந்த படம் அது. போதாததற்கு, பெரும்பாலான பறவைகள் காணும் புறஊதாவை சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடி தடுத்துவிடுகிறது. ஆகவே எடிட் செய்ததா இல்லையா என்பதைவிட, படத்தில் உள்ளது அங்கிருந்து வந்த ஒளியிலிருந்து கிடைத்ததா என்று கேட்பதே பொருத்தம். நிழலைத் திறப்பதும், நிறச் சாய்வைத் திருத்துவதும், அளவோடு கூர்மையாக்குவதும் அந்த எல்லைக்குள் நிற்கின்றன. குறுக்கே வந்த கிளையை அழிப்பது எல்லைக்கு வெளியே. செயற்கை நுண்ணறிவால் இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் எல்லைக்கோட்டிலேயே நிற்கின்றன. ஆயிரக்கணக்கான படங்களில் கற்றதைக் கொண்டு, அவை சில நேரம் அந்தப் பறவையில் இல்லாத இறகுக் கோடுகளை வரைந்துவிடுகின்றன. ஊசிவால் உள்ளானையும் சாதாரண உள்ளானையும் வால் இறகுகளின் வடிவத்தைக் கொண்டு பிரித்தறிய வேண்டிய படத்தில், அத்தகைய ஒரு கோடு பதிவையே பொய்யாக்கிவிடும். அடையாளம் காண்பதற்கான படங்களுக்கு அவற்றை நான் பயன்படுத்துவதில்லை.

வாசகரிடம் ரா கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தேன். மேகமூட்டமான மாலை, கேமரா ஒளியைத் தவறாகக் கணித்துப் படம் முழுவதையும் மஞ்சளாக்கியிருந்தது. பறவை அமர்ந்திருந்த சிமென்ட் தூணின் சாம்பலை நடுநிலையாக வைத்து அவர் நிறத்தைத் திருத்தியிருக்கிறார், நிழலைச் சற்றுத் திறந்திருக்கிறார், வேறெதுவும் செய்யவில்லை. தூண் சாம்பலாக மாறிய அதே நொடியில் முதுகின் நீலமும் தானாக எழுந்து வந்ததை என் திரையிலும் கண்டேன். சித்தப்பாவிடம் அந்த இரண்டு திரைகளையும் அருகருகே வைத்துக் காட்டும்படி அவருக்கு எழுதியிருக்கிறேன்.