"ஒரு தடவை சார்ஜ் செய்து பார்க்கலாமா?"

டிரான்ஸ்ஃபார்மர் திடீரென்று வெடித்தது என்று செய்தி வரும்போதெல்லாம் அந்தத் 'திடீரென்று' மேல் எனக்குச் சந்தேகம். பராமரிப்பு வேலையில் நான் பார்த்தவரை, அது முன்கூட்டியே முனகியிருக்கும். நாம்தான் வாயை அடைத்திருப்போம்.

டிரான்ஸ்ஃபார்மர் டேங்க்கில் நிரம்பியிருக்கும் எண்ணெய்க்குள் எங்காவது இன்சுலேஷன், அதாவது மின்காப்பு, விட்டுப்போனால் ஆர்க் என்ற மின்பொறி விழும். அங்கே வெப்பம் ஆயிரக்கணக்கான டிகிரி. ஆனாலும் எண்ணெய் உடனே எரியாது, உள்ளே ஆக்சிஜன் ஏது? அது சிதைந்து ஹைட்ரஜன், மீத்தேன், எத்திலீன், அசெட்டிலீன் என்று வாயுவாகும். இரும்பு டேங்க் எவ்வளவு தாங்கும்? அது பிளந்து, சூடான எண்ணெய் வெளிக்காற்றில் தெறிக்கும்போதுதான் தீ. பிரஷர் ரிலீஃப் வால்வு இருக்கிறதே என்பார்கள். மெல்ல ஏறும் அழுத்தத்துக்கு அது சரி. பெரிய ஆர்க் என்றால் வால்வு முழுக்கத் திறப்பதற்குள்ளேயே டேங்க் கிழிந்துவிடலாம்.

முனகலைக் கேட்பது புக்கால்ஸ் ரிலே என்ற பாதுகாப்புக் கருவி. 1921-இல் மாக்ஸ் புக்கால்ஸ் என்ற ஜெர்மானியர் உருவாக்கியது. டேங்க்கிலிருந்து, மேலே இருக்கும் சிறிய எண்ணெய்த் தொட்டியான கன்சர்வேட்டருக்குப் போகும் குழாயில் உட்கார்ந்திருக்கும். வாயு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் மேல் மிதவை இறங்கி அலாரம். எண்ணெய் வேகமாகத் தள்ளப்பட்டால் ட்ரிப், அதாவது மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படும்.

ஒரு தொழிற்சாலைக்கு ராத்திரி என்னை அழைத்தார்கள். அந்த வாரத்தில் இரண்டு முறை அலாரம். "காற்றுதான் சார்" என்று திறந்துவிட்டு ரீசெட் செய்திருக்கிறார்கள். எண்ணெயை ஃபில்டர் செய்த புதிதில் வெறும் காற்று சேர்வது உண்டுதான். ஆட்கள் ஏமாறுவதும் அதனால்தான். மூன்றாவது முறை ட்ரிப். நான் போய்ச் சேர்ந்தபோது, "ஒரு தடவை சார்ஜ் செய்து பார்க்கலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், மறுபடி மின்சாரம் கொடுத்துப் பார்க்கத்தான். வேண்டாம் என்று சொல்லி எண்ணெயையும் வாயுவையும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அசெட்டிலீன் இருந்தது. சுமார் 700 டிகிரிக்கு மேல் போகாமல் அது கணிசமாக உருவாகாது. சாதாரண சூடு இல்லை என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

மற்றதெல்லாம் கண்ணால் பார்க்கிற விஷயம். டிரான்ஸ்ஃபார்மர் மூச்சுவிடும் வழியான பிரீத்தரில், ஈரம் உறிஞ்சும் நீல சிலிகா ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் ஈரம் உள்ளே போகிறது, எண்ணெயின் பி.டி.வி., அதாவது வோல்டேஜைத் தாங்கும் திறன், இறங்கும். அப்புறம் புஷ்ஷிங், மின்கம்பி டேங்க்குக்குள் நுழையும் இடத்துப் பீங்கான் காப்பு. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆயில் நிரப்பி அடைத்த புஷ்ஷிங்குக்குத் தனி எண்ணெய். டேங்க் எண்ணெய் அறிக்கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. டான் டெல்டா என்ற மின்காப்புச் சோதனை எடுத்துப் பழைய அளவோடு ஒப்பிட்டால்தான் தெரியும். புஷ்ஷிங் வெடித்தால் பீங்கான் துண்டுகள் கத்தி போலப் பறக்கும். எனக்கு மிகவும் பயம் இதில்தான்.

அந்தத் தொழிற்சாலையில் மூடியைக் கழற்றினோம். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் ஸ்விட்ச்சின் காண்டாக்ட் ஒன்று பாதி உருகி, சுற்றிலும் கரி. உற்பத்தி மேலாளர் எட்டிப் பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "சரி சார், எத்தனை மணிக்கு சார்ஜ் செய்யலாம்?"