கனவில் செத்த பாம்பு வந்தால்

"வாசற்படியில் பாம்பு செத்துக் கிடப்பதுபோல் விடியற்காலையில் கனவு வருகிறது. பகை ஒழிந்தது என்கிறார் ஒரு ஜோசியர். நாகதோஷம், பரிகாரம் செய்யணும் என்கிறார் இன்னொருவர். அறிவியல் என்ன சொல்கிறது?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

வரப்போகும் எதையும் அந்தப் பாம்பு சொல்லவில்லை. ஆனால் தவளை செத்துக் கிடப்பதாகக் கனவு வந்தால் யாரும் பலன் தேடி ஓடுவதில்லை. பாம்புக்கு மட்டும் ஏன் இந்தப் பதற்றம்? பதில் நம் மண்டைக்குள்தான் இருக்கிறது.

முதலில் விடியற்காலை விஷயம். மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் 'ரெம்' உறக்கத்தை 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அறிவித்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் இந்தக் கட்டம், விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. அதிலிருந்து நேராகக் கண் விழிப்பதால் கனவு அப்படியே நினைவில் நிற்கிறது. அப்புறம் எது நடந்தாலும் அதோடு முடிச்சுப் போட்டுவிடுகிறோம். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கைக்கு இதுவே போதும்.

ரெம் உறக்கத்தில், பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதி சுறுசுறுப்பாக இருக்கிறது. 'இது எப்படிச் சாத்தியம்?' என்று கேட்கும் நெற்றிப்புற மூளை அடங்கியிருக்கிறது. அதனால் கனவில் வருவதைக் கேள்வி கேட்காமல் நம்பிப் பயப்படுகிறோம்.

சரி, பாம்புக்கு வருவோம். மூளையின் நடுவே, தலாமஸ் என்ற பகுதியின் பின்புறத்தில் பல்வினார் என்றொரு இடம் இருக்கிறது. ஜப்பானில் நடந்த ஆய்வொன்றில் குரங்குகளின் பல்வினாரில் மெல்லிய மின்முனைகளைச் செருகி, பாம்பு, குரங்கு முகம், குரங்கின் கை, வெறும் வடிவங்கள் என்று படம் படமாகக் காட்டினார்கள். முடிவு 2013-ல் வெளிவந்தது. பாம்புப் படத்துக்குத்தான் அங்கிருந்த நரம்பணுக்கள் மிக வேகமாகவும் வலுவாகவும் துடித்தன. இத்தனைக்கும் அவை பாம்பையே பார்க்க வாய்ப்பில்லாமல் பண்ணையில் வளர்ந்த குரங்குகள்!

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. காட்டியவை வெறும் படங்கள். அவை நெளியவில்லை, சீறவில்லை. அசையாத உருவமே அந்த அணுக்களுக்குப் போதுமாக இருந்தது. உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்ற விசாரணை அப்புறம்தான். மணி முதலில் அடித்துவிடுகிறது. செத்த பாம்பும் நம்மை உலுக்குவதில் ஆச்சரியமே இல்லை.

அப்படியானால் பயம் பிறவியிலேயே வருகிறதா? அதுவும் முழு உண்மையில்லை. அமெரிக்க உளவியலாளர் சூசன் மினேகா 1980-களில் ஆய்வகத்தில் வளர்ந்த குரங்குகளிடம் இதைச் சோதித்தார். பாம்பைக் கண்டு வேறொரு குரங்கு அலறுவதைப் பார்த்ததும் இவையும் பயப்படக் கற்றன. பூவைக் கண்டு அலறுவதுபோல் காணொளியை ஒட்டிக் காட்டியபோது, பூவிடம் பயம் ஒட்டவே இல்லை. பிறவியில் வருவது பயமல்ல, பாம்பிடம் பயத்தைச் சட்டென்று கற்கும் தயார்நிலை. பாட்டி சொன்ன கதையும், சாலையில் நசுங்கிக் கிடந்த சாரைப்பாம்பும் அந்தத் தயார்நிலைக்குத் தீனி. கனவு அந்தத் துண்டுகளை எடுத்துத்தான் தைக்கிறது.

நனவில் செத்த பாம்பிடம் இந்தப் பயம் நியாயமானதே. தலை துண்டான பிறகும் சிறிது நேரத்துக்கு அனிச்சையாகக் கடித்து விஷம் ஏற்ற அதனால் முடியும். கையால் தொடவே கூடாது.

கனவுப் பாம்புக்குப் பரிகாரம் என்று ஆயிரக்கணக்கில் வாங்குபவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது, நிஜப் பாம்புகளை நினைக்கும்போதுதான். 2020-ல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்கு எதிராகத்தான் நம் விஷமுறிவு மருந்து தயாராகிறது. ஒரே இனத்தின் விஷமே ஊருக்கு ஊர் மாறுகிறது. அந்த வேறுபாட்டை ஆராயவும், ஆரம்ப சுகாதார நிலையம்வரை மருந்தைக் கொண்டுசேர்க்கவும் அரசு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.