ஆடிக்காற்றும் ஸ்கொயர் பைப்பும்: பழைய ஓம்னியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

1957-ல் வந்த லோட்டஸ் செவன் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரைப் பிரிட்டனில் பலர் உதிரியாகவே வாங்கிப் பூட்டினார்கள். முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி, உதிரியாக வாங்கினால் இல்லை. நம் ஊரில் அப்படிக் கிட் கிடைப்பது அரிது. ஆனால் அந்தக் காரின் உடம்பு வெறும் குழாய்ச் சட்டம்தான். பொள்ளாச்சி, வாளையார் பக்கத்துப் பட்டறைகளில் கிரில் கேட் செய்கிற கை, கொஞ்சம் நிதானம் காட்டினால் அதைச் செய்துவிடும்.

எஞ்சினுக்கு மாருதி 800 வேண்டாம், ஓம்னி வேன் போதும். இரண்டிலும் 796 சிசிதான். 800-ல் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்து முன் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஓம்னியில் நெட்டுவாக்கில் இருந்து, பிரொபெல்லர் ஷாஃப்ட் வழியே பின் ஆக்சிலைச் சுற்றுகிறது. செவன் மாதிரிக்கு இதுதான் வேண்டும். சுமார் 35 குதிரைத்திறன், 785 கிலோ வண்டி; டன்னுக்கு 45 கூட வராது. அதே எஞ்சினை 500 கிலோ காரில் வைத்தால் டன்னுக்கு 70. பறக்காது, ஆனால் துள்ளும். கோவை எஸ். கரிவரதன் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டியதும் மாருதி 800 எஞ்சினை வைத்துத்தான்.

சட்டத்துக்கு 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. கனம். மீட்டருக்கு 1.2 கிலோ வரும். ஆறு மீட்டர் நீளத்தில் ஒன்பது வாங்கினால் 54 மீட்டர், ஏறத்தாழ 64 கிலோ. ‘பலமா இருக்கட்டும்’ என்று 3 மி.மீ. குழாய்க்குப் போகிறவர்கள்தான் அதிகம். எடை இரட்டிப்பை நெருங்கும், விறைப்பு அந்த அளவுக்கு ஏறாது. நாலு மூங்கில் பட்டையை மூலைக்கு ஒரே ஆணி வைத்துச் சதுரமாக அடித்துப் பாருங்கள். ஒரு தள்ளலில் சாய்சதுரம் ஆகிவிடும். எதிரெதிர் மூலைகளை இணைத்து ஒரு பட்டை அடித்தால் அசையாது. குழாயை வளைப்பது சுலபம், நீளவாக்கில் இழுத்து நீட்டுவதோ அழுத்திக் குறுக்குவதோ கஷ்டம். முக்கோணம் வந்ததும் வளைக்கிற விசையெல்லாம் இழுவையாகவும் அழுத்தமாகவும் மாறிவிடுகிறது. எஞ்சினை இறக்கி ஏற்ற இடைஞ்சல் என்று மேல்பக்கக் குறுக்குக் குழாயை விட்டுவிடுவார்கள். விடாதீர்கள், போல்ட் போட்டுக் கழற்றும்படி வையுங்கள்.

வெல்டிங்கில் முதல் எதிரி, ஆறும்போது உலோகம் சுருங்குவது. மூட்டு ஒரு டிகிரி திரும்பினாலே ஒரு மீட்டர் தள்ளி 17 மி.மீ. விலகும், அப்புறம் எந்த வீல் அலைன்மெண்டும் உதவாது. மட்டமான மேசையில் சட்டம் முழுவதையும் முதலில் டேக் மட்டும், அதாவது மூட்டுக்கு மூட்டு சின்னப் பொட்டு வெல்டு, வையுங்கள். இரு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்து அளந்து, ஒரு மில்லிக்குள் ஒத்துவந்த பிறகே முழு வெல்டு. அதுவும் இங்கே ஒரு மூட்டு, எதிர்க் கோடியில் ஒரு மூட்டு என்று மாற்றி மாற்றி.

இரண்டாவது எதிரி நம் ஊருக்கே உரியது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு அம்மியே பறக்கும் என்றால் வெல்டிங் கேஸ் எம்மாத்திரம்? மிக் வெல்டிங்கில் உருகிய குழம்பை மூடி நிற்பது CO₂. மணிக்கு 8 கிலோமீட்டர் காற்றே அதைக் கலைக்கப் போதும். மேலே மினுமினுப்பாக இருந்தாலும், அறுத்துப் பார்த்தால் உள்ளே இட்லி மாதிரி குமிழ் இருக்கும். நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டுங்கள், இல்லையென்றால் 2.5 மி.மீ. வெல்டிங் ராடில் போடுங்கள், அதன் பூச்சே புகையும் கசடுமாக மூடிக்கொள்ளும். கேட்டுக்குப் போடும் 3.15 ராடு இந்தக் குழாயை ஓட்டை போட்டுவிடும்.

கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கப் பின்னால் நிற்கும் ரோல் வளைவுக்கு மட்டும் சதுரக் குழாய் கூடாது. தையலில்லாக் குழாய், 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம்.

ஓம்னியின் பின்பக்கப் பட்டா, அதாவது லீஃப் ஸ்பிரிங், ஆட்களையும் மூட்டைகளையும் சுமக்கச் செய்தது. 500 கிலோ காரில் அது மரக்கட்டை. அடுக்கில் ஒரு பட்டாவைக் கழற்றினால் மென்மையாகும், ஆனால் ஆக்சில் முறுக்கிக்கொண்டு குதிக்கும். ஆக்சிலைப் பிடித்து வைத்திருந்ததும் அதே பட்டாதானே. காயில் ஸ்பிரிங், ஆக்சிலைப் பிடிக்க நீளவாக்கில் நாலு கைகள், அது பக்கவாட்டில் நகராமலிருக்கக் குறுக்கே ஒரு பான்ஹார்ட் ராடு என்று மாற்றுவதே சரி.

பழைய காருக்கு இது புது உருவம் என்று ஆர்.டி.ஓ. ஏற்காது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 அதற்குத் தடை. சொந்தத் தோப்பு அல்லது அனுமதி பெற்ற பந்தயத் தடம், அவ்வளவுதான்.

பிரேக்கைக் கடைசியில் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். ஓம்னியில் ஓட்டுநர் முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார், இதில் பின் ஆக்சிலை ஒட்டி உட்காருகிறார். எடைப் பங்கீடே மாறிவிட்டது. மண் தரையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓங்கி மிதித்துவிட்டு இறங்கித் தடத்தைப் பாருங்கள். தேய்ந்த கோடு முன் சக்கரத்தில் முதலில் தொடங்கியிருக்க வேண்டும். பின் சக்கரம் முதலில் பூட்டினால் பக்கவாட்டுப் பிடி போய் வண்டி பம்பரமாகச் சுற்றும். அப்போது பின் லைனில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் போட்டு, கால்வாசிச் சுற்று திருப்பி, மறுபடி மிதித்துப் பாருங்கள்.