குசினிப் புகை ஏன் திரும்பி வருகிறது?

மின்சாரம் வராத வீட்டில் வளர்ந்த என் வயதுக்காரருக்குச் சிமினி என்றால் முதலில் நினைவுக்கு வருவது மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிதான். அதைக் கழற்றினால் சுடர் அலைந்து கரும்புகை கக்கும். திரும்ப மாட்டினால் சுடர் நிமிர்ந்து நிற்கும், வெளிச்சமும் கூடும். 1780களில் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஏமே ஆர்கன்ட் விளக்குக்குக் கண்ணாடிக் குழாய் பூட்டியதும் இதற்காகத்தான். குழாய்க்குள் சூடான காற்று மேலே போக, கீழேயிருந்து புதுக்காற்று ஏறி வந்து சுடருக்கு ஒட்சிசன் கொடுக்கும். குசினிப் புகைக்கூட்டுக்குள் நடப்பதும் இதே வேலைதான்.

2022இல் கேஸ் சிலிண்டருக்கு இலங்கையே வரிசையில் நின்றபோது, திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டின் பழைய விறகடுப்புக்கு மறுபடி உயிர் வந்தது. பல வருடங்களாக அதில் நெருப்பு மூட்டவில்லை. அம்மா மூட்டிய பத்தாவது நிமிடத்தில் குசினி முழுக்கப் புகை. “கூடு இழுக்கேல்ல” என்றார். சரியான சொல். புகைக்கூடு புகையை வெளியே தள்ளுவதில்லை, இழுக்கிறது. அதையும் மிக மெல்லிய பலத்தோடு.

எவ்வளவு மெல்லியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் கூட்டின் உயரம் 4 மீற்றர். வெளியே 30 பாகை வெயிலில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 1.16 கிலோகிராம் இருக்கும். கூட்டுக்குள் 150 பாகை சூடு என்றால் அதே அளவு காற்று 0.83 கிலோகிராம்தான். கன மீற்றருக்கு 330 கிராம் வித்தியாசம். 4 மீற்றர் உயரத்துக்கு அது கொடுக்கும் அமுக்கம் சுமார் 13 பஸ்கால். ஒன்றேகால் மில்லிமீற்றர் ஆழத் தண்ணீர் தரையை அழுத்துவதைப் போன்றது, அவ்வளவுதான். இதே கூடு கனடாவில், வெளியே பூச்சியப் பாகை குளிரில் நின்றால் 18 பஸ்கால் கிடைக்கும். வெக்கை ஊரில் புகைக்கூட்டுக்குப் பலம் குறைவு. அதனால் சின்னத் தடங்கல்கூட இங்கே பெரிதாகத் தெரியும்.

அடுப்பு ஆறிய பிறகு டோர்ச் அடித்து மேலே பார்த்தேன். மைனா கட்டிய கூடு பாதி வழியை அடைத்திருந்தது. அதைத் தட்டி விழுத்தியது சுலபம். சுவரில் படிந்திருந்ததுதான் யோசிக்க வைத்தது.

விறகு முழுதாக எரிந்தால் மிஞ்சுவது நீராவியும் காபனீரொட்சைட்டும் கொஞ்சம் சாம்பலும். ஈர விறகு அப்படி எரியாது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் 2,260 கிலோயூல் வெப்பம் தேவை. அப்போது வெட்டிய விறகின் எடையில் பாதிவரை தண்ணீராகவே இருக்கலாம். அடுப்பின் சூடு அதிலேயே செலவாகிவிட, எரியாத தார் ஆவிகள் புகையோடு மேலே போகும். கூட்டுச் சுவர் சுமார் 120 பாகைக்குக் கீழே குளிர்ந்திருந்தால், பானை மூடியில் நீராவி படிவதுபோல அவை அங்கே படியும். முதலில் தூசுபோல உதிரும் கரி. பிறகு செதிலாக உரியும் கறுப்பு. கடைசியில் கறுப்புக் கண்ணாடி உருகி வழிந்து இறுகியதுபோல மினுங்கும் படிவு. இந்த மினுக்கம்தான் ஆபத்து. அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுவோம், ஆனால் அது நல்ல எரிபொருள். அது பற்றிக்கொண்டால் கூட்டுக்குள் சூடு 1,000 பாகையைத் தாண்டலாம். லொறி ஒன்று கூரைமேல் ஓடுவதுபோல இரைச்சல் கேட்கும்.

அப்படிக் கேட்டால் மேலேயிருந்து வாளியால் தண்ணீர் ஊற்றக்கூடாது. சூடேறிய கல் வெடிக்கும், நீராவி முகத்தில் அடிக்கும். அடுப்பு நெருப்பை மணலால் மூடி, கதவைச் சாத்தி, எல்லோரும் வெளியே வந்து தீயணைப்புப் பிரிவின் 110ஐ அழைக்க வேண்டும். நெருப்புத் தானாக அணைந்துபோனாலும் அந்தக் கூட்டை ஒரு மேசன் பார்க்கும்வரை மறுபடி மூட்டக்கூடாது. உள்ளே விழுந்த வெடிப்பு வெளியே தெரியாது.

உதிர்கரியை நாங்களே எடுக்கலாம். அடுப்பு ஒரு முழு நாள் ஆற வேண்டும், ஏனென்றால் சாம்பலுக்குள் தணல் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். அந்தச் சாம்பலை பிளாஸ்டிக் வாளியில் அள்ளாதீர்கள். அடுப்பு வாயை ஈரச் சாக்கால் மூடிவிட்டு, நீளத் தடியில் கட்டிய தும்புத்தடியால் மேலும் கீழுமாக உரஞ்சினால் போதும். மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு செய்யுங்கள். இலண்டனில் புகைக்கூடு துப்புரவாக்கிய பையன்களுக்குப் பிற்காலத்தில் வந்த புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று 1775இலேயே பெர்சிவல் பொட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் எழுதிவிட்டார். தொழிலால் வரும் புற்றுநோயைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று அது.

படிவின் தடிப்பு 3 மில்லிமீற்றரைத் தொட்டால் துப்புரவாக்க வேண்டும் என்பது பிறநாட்டுத் தொழிலாளர் வைத்திருக்கும் கணக்கு. வருடத்துக்கு ஒருதரம் பார்க்கவும் சொல்வார்கள். நான் புரட்டாசியைத் தேர்ந்தெடுப்பேன். ஐப்பசியில் மாரி தொடங்கினால் விறகு நனையும், தார் கூடும், வழுக்கும் கூரையில் யாரும் ஏறமுடியாது. மினுங்கும் படிவுக்குத் தும்புத்தடி உதவாது. கம்பியால் குத்திப் பெயர்க்கப்போனால் உள்பூச்சும் சேர்ந்து வரும். அங்கே நாங்கள் கையை எடுத்துவிட்டு மேசனைக் கூப்பிட வேண்டும்.

கூரை இன்னொரு கதை. எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளுக்கு அஸ்பெஸ்டஸ் சீற். பழைய சீற் ஆளின் பாரத்தைத் தாங்காமல் சட்டென்று உடையும். புகைக்கூட்டைப் பார்க்க ஏறுகிறவருக்கு நெருப்பைவிட அதுதான் பயம். சீற்றை அறுப்பதும் துளைப்பதும் கூடாது, அந்தத் தூசு சுவாசப்பைக்குக் கேடு. தகரக் குழாய் வைத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடல் உப்புக் காற்று வெளியேயிருந்தும், நனைந்த கரியின் அமிலம் உள்ளேயிருந்தும் தகரத்தைத் தின்னும். ஓட்டை விழுவது பெரும்பாலும் கூரைக்குள் மறைந்திருக்கும் இடத்தில். பக்கத்தில் மரச் சலாகை இருந்தால், வருடக்கணக்காகச் சூடுபட்டுக் கருகிய அந்த மரம் புது மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றும். சீலிங்கில் கறுப்புக் கறை தெரிந்தால் தகரவேலைக்காரரை அன்றைக்கே கூப்பிடுங்கள்.

நுவரெலியா பங்களாக்களில் குளிர்காயும் நெருப்பிடம் உண்டு. எங்களுக்குக் கூடு என்பது சமையலுக்குத்தான், அதனால் கொஞ்சம் புகை திரும்பினால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமைத்து முடித்துவிடுவோம். கண்ணை எரிக்கும் புகையோடு கண்ணுக்குத் தெரியாததும் வருகிறது. காபனோரொட்சைட்டு என்ற அந்த நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அடுப்படியில் நிற்கும்போது மட்டும் வந்து, முற்றத்துக்குப் போனால் விடும் தலையிடியை, தலைச்சுற்றை, குமட்டலை வெயிலின் மேல் போடாதீர்கள். நெருப்பை அணைத்து, யன்னலைத் திறந்து, வெளியே வாருங்கள். யாராவது மயங்கினால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

மைனாக் கூட்டை எடுத்த பிறகும் எங்கள் வீட்டில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் பின்னேரங்களில் புகை திரும்பியது. ஊதுபத்தியை அடுப்பு வாயில் பிடித்துப் பார்த்தேன். காலையில் புகை உள்ளே வளைந்து மேலே போனது, பின்னேரம் முகத்துக்கு வந்தது. கூட்டின் வாய் எங்கள் கூரை முகட்டைவிடத் தாழ்வாக இருந்ததுதான் கோளாறு. முகட்டில் மோதி ஏறும் காற்று மறுபக்கம் சுழன்று இறங்கும்போது, அந்த 13 பஸ்கால் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கூரையைவிட்டு வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது, 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது பொது விதி.

அந்தப் புரட்டாசியில் மேசன் வந்தார். கல்லோ சீமெந்தோ கேட்பார் என்று நினைத்தேன், அவர் முதலில் கேட்டது இரண்டு நீளப் பலகை. சீற்றின் மேல் குறுக்கே போட்டு, அதில்தான் கால் வைத்தார். கூட்டை உயர்த்தி, மேலே மழைமூடியும் பறவை நுழையாமல் கம்பிவலையும் வைத்து இறங்கினார். அடுத்த கச்சானுக்குப் புகை நேராக ஏறியது. பக்கத்து மாடிவீட்டைத் தாண்டிக் காற்று சுழன்று விழும் சில நாட்களில் மட்டும் இன்னும் திரும்புகிறது. அந்த நாட்களில் அம்மா பின்னேரத் தேத்தண்ணியை நாலு மணிக்கு முன்னமே போட்டுவிடுவார்.