காய்கறிக் கழிவுத் தொட்டி ஏன் புளித்துப் போகிறது?

"கோயம்பேட்டில் தினமும் அவ்வளவு காய்கறி அழுகுதே, எல்லாத்தையும் ஒரு பெரிய தொட்டியில் கொட்டி கரண்ட் எடுத்துட வேண்டியதுதானே, அதுல என்ன சார் கஷ்டம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறார்கள். 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து சந்தை கோயம்பேட்டுக்கு மாறியது. பத்து வருஷம் போல கழித்து, அங்கேயே நாளொன்றுக்கு 30 டன் கழிவைச் செரிக்கும் எரிவாயு ஆலை ஒன்றைக் கட்டினார்கள். ஐதராபாத் போயன்பள்ளி சந்தையிலும் ஒன்று உண்டு. 10 டன் கழிவுக்குச் சுமார் 500 யூனிட் மின்சாரம்.

அவ்வளவுதானா என்றால், ஆமாம். முட்டைகோஸில் 92 சதவீதம் தண்ணீர். ஒரு டன் இலையைக் கொட்டினால் நுண்ணுயிருக்குச் சாப்பாடாக 80 கிலோதான் தேறும். இந்த ஈரத்தால் எரிக்கவும் முடியாது, அதனால்தான் தொட்டி.

காற்றுப் புகாத தொட்டி, சாணக் கரைசல், அதில் உருவாகி எரியும் மீத்தேன் வாயு எல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான். கஷ்டம் எங்கே வருகிறது என்றால், இட்லி மாவைக் கோடையில் ராத்திரி முழுக்க வெளியே வைத்து மறந்தால் என்ன ஆகும்? அதேதான். காய்கறியில் சர்க்கரை அதிகம், அதை அமிலமாக்கும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே இரட்டிப்பாகும். மீத்தேன் தயாரிப்பவை மந்தம், அவை இரட்டிப்பாக நாள் கணக்கில் ஆகும். அமிலம் தேங்கினால் அவை படுத்துவிடும், அப்புறம் தொட்டி முழுக்க வெறும் புளிச்ச தண்ணீர்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு கூட்டணி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். 1940இல் பார்க்கர் என்ற அமெரிக்க நுண்ணுயிர் ஆய்வாளர் ஆல்கஹாலைத் தின்று மீத்தேன் தரும் ஓர் உயிரியைப் பிரித்தெடுத்தார். மெத்தனோபேசில்லஸ் ஒமெலியன்ஸ்கீ என்று அறியப்பட்ட அதை 27 வருஷம் எல்லோரும் ஒரே உயிரி என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். 1967இல் பிரையன்ட் என்ற இன்னொரு நுண்ணுயிர் ஆய்வாளரின் குழு பார்த்தால், அது ஒன்றல்ல, இரண்டு! ஒன்று ஆல்கஹாலைத் தின்று ஹைட்ரஜனை வெளியே விடுகிறது, மற்றது அந்த ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் விடுகிறது. பிரித்து வைத்தால் முதலாவது திணறுகிறது, ஏனென்றால் தான் விட்ட ஹைட்ரஜனே சேர்ந்து அதன் வேலையை நிறுத்துகிறது. இரண்டாவதாலோ ஆல்கஹாலைத் தொடவே முடியாது. சந்தைக் கழிவுத் தொட்டியிலும் இதே கதை. அங்கே உருவாகும் புரோப்பியானிக் அமிலத்தை உடைக்க வேண்டுமானால், ஹைட்ரஜனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் குப்பையை உடனுக்குடன் எடுத்துப்போனால்தான் இவர் வீட்டில் அடுப்பெரியும். பார்க்கரும் பிரையன்ட்டும் சந்தைக் குப்பையை நினைத்தா ஆராய்ச்சி செய்தார்கள்? "இதனால் என்ன லாபம்?" என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நம் நிதிக் குழுக்களிடம் போயிருந்தால் கோப்பு அங்கேயே தூங்கியிருக்கும்.

ஆக, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே அளவில் ஊட்ட வேண்டும். சந்தைக்கோ ஒரே அளவு என்பதே தெரியாது. ஆயுத பூஜை முடிந்ததும் பூசணியும் வாழைக்கன்றும் மலைபோல் மிஞ்சும். (நடுரோட்டில் உடைத்த பூசணியில் பைக் வழுக்கி ஒருவர் விழுகிறாரே, அதைத்தான் நான் திருஷ்டி என்பேன்.) அத்தனையையும் அன்றே உள்ளே தள்ளினால் இரண்டே நாளில் புளிப்பு ஏறத் தொடங்கிவிடும். அப்போது செய்யக்கூடியது, ஊட்டுவதை நிறுத்திவிட்டு, சாணக் கரைசல் கொஞ்சம் விட்டு, பொறுமையாக அமில அளவைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான். மிஞ்சியதைக் கம்போஸ்ட்டுக்கு அனுப்பலாம். வைக்கோல், சாக்கு, பிளாஸ்டிக் கயிறு எதையும் எப்போதும் உள்ளே விடக் கூடாது.

அழுகாத காலிஃபிளவர் தழையைத் தொட்டிக்குக் கொண்டுவருவதே வீண், மாட்டுக்குப் போடலாம். மாட்டு வயிற்றிலும் இதே கூட்டணிதான் வேலை பார்க்கிறது, தொட்டியைத் தொடங்கச் சாணம் கேட்பதும் அதனால்தான். என்ன, மாடு அந்த மீத்தேனை ஏப்பமாக விட்டுத் தொலைத்துவிடும், நம் அடுப்புக்குத் தராது.