ஆஸ்மோசிஸ்: ஃபைபர் படகின் அடியில் எழும் கொப்புளம்

ஃபைபர் படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டும்போது, தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்த பகுதியில் மட்டும் கொப்புளங்கள் தெரிவதுண்டு. சில மிளகு அளவு, சில உள்ளங்கை அகலம். ஐரோப்பாவில் மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கட்டிக்கிடக்கும் பாய்மரப் படகுகளில் இது பெரிய தலைவலி. 1970, 80களில் கட்டிய பல படகுகள் இதற்கு ஆளாயின. பழுதுபார்ப்பவர்கள் இதை 'ஆஸ்மோசிஸ்' என்கிறார்கள். படகுக்கு ஆஸ்மோசிஸ் வந்துவிட்டது என்று ஒரு நோயைச் சொல்வதுபோலவே சொல்வார்கள்.

பள்ளியில் படித்த அதே சொல்தான். தமிழ்நாட்டுப் பாடநூலில் 'சவ்வூடு பரவல்', இலங்கைப் பாடநூலில் 'பிரசாரணம்'. கரைசல் நீர்த்திருக்கும் பக்கத்திலிருந்து அடர்ந்திருக்கும் பக்கத்துக்கு ஒரு சவ்வின் வழியே நீர் போவதுதான் இது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்புகிறதே, அதுதான்.

வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'ஓஸ்மோஸ்' என்றால் தள்ளுதல். 1748-இல் ழான் அந்த்வான் நொலே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், மதுச்சாராயம் நிரப்பிய குப்பியின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டித் தண்ணீருக்குள் வைத்தார். தண்ணீர் உள்ளே புகுந்து சவ்வு வெளியே புடைத்து எழுந்தது. படகின் அடியில் நடப்பதும் கிட்டத்தட்ட இதே புடைப்புதான். 1820களில் த்யூத்ரோஷே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் உள்ளே தள்ளுவதற்கு 'எண்டாஸ்மோஸ்', வெளியே தள்ளுவதற்கு 'எக்ஸாஸ்மோஸ்' என்று இரண்டு பெயர் வைத்தார். 1854-இல் தாமஸ் கிரகாம் என்ற வேதியியலாளர் முன்னொட்டுகளை விட்டுவிட்டு 'ஆஸ்மோஸ்' என்றார். அப்புறம் அது 'ஆஸ்மோசிஸ்' ஆனது. வேதியியலின் முதல் நோபல் பரிசை 1901-இல் டச்சுக்காரரான வான்ட் ஹாஃப் பெற்றதில், நீர் இப்படிப் புகும்போது எழும் அழுத்தத்தைப் பற்றிய ஆய்வுக்கும் பங்கு உண்டு.

சரி, படகில் சவ்வு எங்கே இருக்கிறது? வெளியே பளபளப்பாகத் தெரியும் ஜெல்கோட்தான் சவ்வு. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பிசின் அடுக்கு அது. தண்ணீரை அது முழுதாகத் தடுப்பதில்லை, மூலக்கூறுகள் மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். உள்ளே கண்ணாடியிழை விரிப்புக்கும் அதை இறுக்கிப் பிடிக்கும் பாலியெஸ்டர் ரெசினுக்கும் (பிசின்) நடுவில் சிறு காற்றுக்குழிகள் இருக்கும். ரெசினில் சரியாக இறுகாமல் மிஞ்சிய, தண்ணீரில் கரையும் கிளைக்கால் (glycol) போன்ற பொருள்களும், பாலியெஸ்டர் நீரால் சிதைந்து உண்டாகும் அமிலங்களும் அந்தக் குழிகளில் சேர்ந்து அடர்ந்த கரைசலாகும். அது வெளியிலிருந்து இன்னும் தண்ணீரை இழுக்கும். அழுத்தம் ஏற ஏற ஜெல்கோட் புடைக்கும். நல்ல தண்ணீரில் இது கடல்நீரைவிட வேகமாக நடக்கிறது. உப்பு இல்லாததால் உள்ளுக்கும் வெளிக்கும் செறிவு வித்தியாசம் அதிகம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் வேகம். தமிழ்நாட்டில் 2004 சுனாமிக்குப் பிறகு பெருகிய ஃபைபர் படகுகளில் கரையில் இழுத்துப் போடுபவை அன்றாடம் காய்ந்துவிடுவதால், அவற்றுக்கு இந்தத் தொல்லை குறைவு. மணல் உரசி அடிப்பாகம் தேய்வதுதான் அங்கே கவலை.

இந்தச் சொல்லின் சிக்கல், அது கோளாற்றுக்கு அதன் காரணத்தையே பெயராக வைத்துவிடுகிறது என்பதுதான். கண்ணில் படும் எல்லாக் கொப்புளமும் ஆஸ்மோசிஸ் அல்ல. பழைய பெயின்ட் அடுக்குகளுக்கு நடுவில் தண்ணீர் தேங்கினாலும் அப்படித்தான் எழும்பும். அதற்குப் பெயின்ட்டைச் சுரண்டி மறுபடி அடித்தால் போதும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள், அழுத்தத்தில் பீய்ச்சி அடிக்கும். வரும் நீர் விரலில் பிசுபிசுத்து, வினிகர் நெடி அடித்து, லிட்மஸ் தாளைச் சிவப்பாக்கினால்தான் நோய் ஜெல்கோட்டுக்கு அடியில் இருக்கிறது என்று பொருள். பெயரை நம்பிப் படகு முழுக்க ஜெல்கோட்டை உரிப்பது வீண் செலவு.

அதனால் தமிழில் இரண்டையும் பிரித்தே சொல்லலாம் என்பது என் கருத்து. நிகழ்வுக்குச் 'சவ்வூடு பரவல்' கச்சிதமான சொல். கிரேக்கச் சொல் தள்ளுவதை மட்டும் சொல்கிறது. வடமொழி வழிவந்த 'பிரசாரணம்' பரவுவதை மட்டும் சொல்கிறது. சவ்வையும் அதன் ஊடே போவதையும் சேர்த்துச் சொல்வது 'சவ்வூடு பரவல்'தான். படகில் தெரியும் கோளாற்றுக்கு 'நீர்க்கொப்புளம்' என்ற எளிய சொல் போதும். அது காரணத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிடாது. 'சவ்வூடு பரவலால் வந்த நீர்க்கொப்புளம்' என்று சோதித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பழுதுபார்ப்பிலும் இதே தெளிவு வேண்டும். கொப்புளத்தைத் தேய்த்துத் திறந்ததும் நல்ல தண்ணீரால் பலமுறை கழுவ வேண்டும். கிளைக்கால் லேசில் ஆவியாகாது. கழுவாமல் காயவைத்தால் உள்ளேயே தங்கி, மறுபடி தண்ணீரை இழுக்கும். பிறகு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உலரவிட்டு, ஈரமானியில் பார்த்த பிறகே எப்பாக்சி என்ற பிசினாலான நிரப்பியால் குழிகளை அடைத்து, எப்பாக்சியைப் பல கோட்டு அடிப்பார்கள். இது 'நீர்த்தடுப்புப் பூச்சு'. இதற்கு மேல் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க அடிப்பது 'பாசித்தடுப்புப் பூச்சு'. பெரும்பாலும் செம்பு ஆக்சைடு கலந்தது. முன்பு கலந்துவந்த டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கடல் உயிர்களைக் கெடுத்ததால், 2008-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தம் அதைத் தடை செய்தது. இரண்டு பூச்சும் ஒன்றல்ல. பாசித்தடுப்புப் பூச்சை எத்தனை கோட்டு அடித்தாலும் நீர்க்கொப்புளத்தை அது தடுக்காது.