நெஞ்சில் சீழ் கட்டினால்: முதல்வர் காப்பீட்டில் துளைவழி அறுவை

நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கிறது, 'தோராக்கோஸ்கோபி (நெஞ்சில் துளை போட்டுக் கேமரா வழியாகச் செய்யும் அறுவை) பண்ணிடலாம்' என்று டாக்டர் சொன்னால் அன்றைக்கே காப்பீட்டு அட்டையை எடுத்து வையுங்கள். இந்த நோய் நாள் தள்ளினால் பொறுக்காது. ஆரம்ப வாரங்களில் சீழுக்கு நடுவே சவ்வு நூலாம்படை மாதிரி பின்னியிருக்கும். விலா இடுக்கில் ஒன்றிரண்டு செ.மீ. அளவில் இரண்டு மூன்று துளை போட்டு, ஒன்றில் கேமராவும் மற்றதில் கருவியும் விட்டால், பிய்த்து உறிஞ்சி எடுத்துவிடலாம். விட்டுவிட்டால் அது கெட்டித் தோலாக நுரையீரலை இறுக்கிக்கொள்ளும். பிறகு பெரும்பாலும் விலாவை அகட்டித் திறந்துதான் உரிக்க வேண்டிவரும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு இந்த வரம்பு இல்லை.

அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சிக்கல் வருவது ரேஷன் கார்டில்தான். கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலேயே கிடக்கும். அதைச் சரிசெய்வதற்குள் நாள் ஓடிவிடும். உடம்பு நன்றாக இருக்கும்போதே இதை முடித்து வைப்பது நல்லது.

தனியார் ஆஸ்பத்திரியில் சேருமுன், அது நெஞ்சறுவைப் பிரிவுக்கும் திட்டத்தில் சேர்க்கப்பட்டதா என்று கேளுங்கள். பொதுவாகப் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. சி.டி. ஸ்கேன், எக்ஸ்ரே, சீழ்ப் பரிசோதனை முடிவு ஆகியவற்றோடு ஆஸ்பத்திரிதான் முன் அனுமதி கேட்கும். எந்த அறுவைக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். துளையில் தொடங்கியதை ரத்தக்கசிவு, கடும் ஒட்டல் காரணமாகத் திறந்து செய்ய நேரலாம். அது டாக்டரின் தவறல்ல. நோயாளியைக் காப்பாற்றும் முடிவு. அனுமதியை மாற்றி வாங்குவது ஆஸ்பத்திரியின் வேலை. அதற்கென்று உங்களிடம் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லுங்கள்.

அறுவைக்குப் பின் நெஞ்சிலிருந்து ஒரு குழாய் தண்ணீர் பாட்டிலுக்குப் போகும். மூச்சுக்கு மூச்சு அதில் நீர்மட்டம் ஏறி இறங்குவது இயல்பு. கழிவறைக்குப் போகும்போதும் பாட்டிலை நெஞ்சுக்குக் கீழேயே பிடிக்க வேண்டும். தூக்கினால் நீர் உள்ளே திரும்பும்.

காசநோயால் வந்த சீழ் என்றால், மாத்திரை சாப்பிடும் காலம் முழுக்க, காசநோயாளிகளுக்கான சத்துணவு உதவியான நிக்ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். அது தனி உரிமை.

அட்டை கைக்கு வராவிட்டால் வீட்டில் காத்திருக்காதீர்கள். தாம்பரம் சானடோரியம் நெஞ்சக நோய் மருத்துவமனை போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் அட்டை இல்லாமலும் சேர்த்துக்கொள்வார்கள்.